இறகைப் படிக்கும் தொழில்

ஒற்றை இறகைப் பார்த்து அது எந்தப் பறவையுடையது என்று சொல்வது வேட்டைக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவந்த காரியம். மயிலுக்கும் பனங்காடைக்கும் சோதனை எதுவும் தேவையில்லை, நிறமே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நிறம் கருகி, இறகு கிழிந்து, ஒரு சிட்டிகைப் பஞ்சு மட்டும் கையில் மிஞ்சினால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இறகை அடையாளம் காண்பது ஒரு தனித் தொழிலாயிற்று. அந்தத் தேவையை உண்டாக்கியது விமானம்.

இறகை நுண்ணோக்கியில் பார்த்து எழுதியவர்களில் முன்னோடி ராபர்ட் ஹூக். 1665இல் வெளிவந்த அவருடைய ‘மைக்ரோகிராஃபியா’ மயிலிறகையும் விட்டுவைக்கவில்லை. நடுவே தண்டு, அதன் இருபுறமும் இழைகள், ஒவ்வோர் இழையிலும் அதைவிட நுண்ணிய இழைகள் என்று இறகு கிளைத்துக்கொண்டே போகிறது. மேற்பகுதியில் நுண்ணிழைகள் கொக்கி போட்டு ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் இறகு தகடாக நிற்கிறது. அடிப்பகுதியில் கொக்கிகள் இல்லை. அங்கே இழைகள் பஞ்சாகக் கலைந்து பறவையின் உடற்சூட்டைக் காக்கின்றன. மற்ற இறகுகளுக்கு அடியில் மறைந்து கிடக்கும், அழகென்று சொல்ல ஒன்றுமில்லாத இந்தப் பஞ்சில்தான் பறவையின் குலம் பதிந்திருக்கிறது. 1916இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வழியாக ஆசா சாண்ட்லர் வெளியிட்ட ஆய்வு, நுண்ணிழையின் அமைப்பு பறவைக் குடும்பத்துக்குக் குடும்பம் மாறுவதை விரிவாகக் காட்டியது. அந்த அறிவு உயிர்காக்கும் வேலைக்குப் பயன்பட மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1960 அக்டோபர் 4 அன்று மாலை, பாஸ்டன் விமான நிலையத்திலிருந்து 72 பேருடன் கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் லாக்ஹீட் எலக்ட்ரா விமானம் ஒரு நிமிடத்துக்குள் கடலில் விழுந்தது. 62 பேர் இறந்தனர். அதற்கு முந்தைய சுமார் ஓராண்டு காலத்தில் இதே வகை விமானங்கள் இரண்டு நடுவானில் உடைந்திருந்ததால், பழி முதலில் விமானத்தின் வடிவமைப்பின் மேல் விழுவது இயல்பே. ஆனால் ஓடுபாதையில் பறவைகள் செத்துக் கிடந்தன. இயந்திரங்களுக்குள்ளும் கருகிய இறகுத் துணுக்குகள் இருந்தன. அவை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு வந்து, ராக்ஸி லேபோர்ன் என்ற பெண்மணியின் மேசையைச் சேர்ந்தன. அவர் சொன்ன விடை: ஸ்டார்லிங். மைனாவின் நெருங்கிய உறவான, எண்பது கிராம் அளவே எடையுள்ள, ஆயிரக்கணக்கில் கூட்டமாகப் பறக்கும் பறவை. அது அமெரிக்காவின் சொந்தப் பறவையும் அன்று. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து 1890இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் பறக்கவிடப்பட்ட சில பத்துப் பறவைகளின் வழித்தோன்றல்களே அந்நாடு முழுவதும் பரவியிருந்தன.

லேபோர்ன் 1910இல் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். 1944இல் ஸ்மித்சோனியனுக்கு வந்தபோது அவருக்குத் தரப்பட்ட வேலை, இறந்த பறவைகளின் தோலை உரித்துப் பதப்படுத்துவது. ஆராய்ச்சி மேதைகளின் வரிசையில் வைத்து எண்ணப்படாத வேலை அது. ஆனால் ஒவ்வோர் இறகும் உடலில் எங்கே முளைக்கிறது, வயதுக்கும் பருவத்துக்கும் ஏற்ப எப்படி மாறுகிறது என்பது கைப்பழக்கமாகப் படிந்தது அங்கேதான். அந்தப் பழக்கம் இல்லாமல் வெறும் நுண்ணோக்கியால் இந்தத் தொழில் பிறந்திருக்காது.

அவர் வகுத்த முறை எளிமையானது. இரத்தமும் எண்ணெயும் ஒட்டிச் சுருண்ட இறகை வெதுவெதுப்பான நீரில் சோப்புத் திரவம் விட்டு அலச வேண்டும். பிறகு காற்றைப் பீய்ச்சி உலர்த்தினால் இழைகள் விரிந்து பழைய உருவம் திரும்பும். அடிப்பஞ்சிலிருந்து ஓர் இழையைப் பிரித்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், நுண்ணிழை நெடுகக் கணுக்கள் தெரியும். வாத்தினத்தில் அவை நுனிப்பக்கம் முக்கோணமாகப் புடைத்திருக்கும். கோழியினத்தில் மோதிரம் மாட்டியது போல வளையங்கள் இருக்கும். புறாவின் கணு பூவிதழாக விரியும். மைனா, காகம், குருவி அடங்கிய பெருங்கூட்டத்தில் நுண்ணிழையின் அடியில் சிறு முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். கணுக்களில் நிறமி எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் ஓர் அடையாளம்.

இத்தனையும் பறவையின் குடும்பத்தை மட்டுமே காட்டும். இனத்தைத் துல்லியமாகச் சொல்ல, பதப்படுத்திய தோல்கள் உள்ள இழுப்பறைகளைத் திறந்து, வண்ணமும் அளவும் கோடுகளும் பொருந்தும்வரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்மித்சோனியனில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பறவை மாதிரிகள் உள்ளன. அவற்றில் பல பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்த்தவை. விமானத்தைக் கனவிலும் காணாதவர்கள் சேர்த்து வைத்த தோல்கள் விமானப் பயணிகளைக் காக்க உதவின. அருங்காட்சியகத்துக்கு எதற்கு இவ்வளவு செத்த பறவை என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

பறவையின் பெயர் தெரிந்து என்ன பயன்? பெயர் தெரிந்தால் எடை தெரியும். எத்தனை கிராம் பறவையை, ஒரே நேரத்தில் எத்தனையை இயந்திரம் தாங்க வேண்டும் என்று பொறியாளர் கணக்கிடலாம். பாஸ்டன் விபத்துக்குப் பிறகு அமெரிக்க விமானப் போக்குவரத்து அதிகாரிகள் இதற்கான தரவரையறைகளை வகுக்கத் தொடங்கினர். பெயர் தெரிந்தால் பழக்கமும் தெரியும். அது புல்வெளியில் மேயுமா, குப்பைமேட்டை நாடுமா, நீர்நிலையில் இறங்குமா என்று அறிந்து விமான நிலையத்தின் சுற்றுப்புறத்தை மாற்றலாம். சட்டத்துக்குப் புறம்பான வேட்டை வழக்குகளும் கொலை வழக்குகளும்கூட லேபோர்னின் மேசைக்கு வந்தன. 1988இல் ஓய்வுபெற்ற பின்னும் அவர் வேலையை விடவில்லை. 2003இல் இறக்கும்போது அவருக்கு வயது 92.

அவரிடம் பயின்ற கார்லா டவ், ஸ்மித்சோனியனின் இறகு அடையாள ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் இறங்கிய யூ.எஸ். ஏர்வேஸ் விமானத்தின் இயந்திரங்களிலிருந்து எடுத்த எச்சங்களும் அங்கேதான் வந்தன. விமானத்தில் இருந்த 155 பேரும் பிழைத்திருந்தனர். மோதியவை கனடா வாத்துகள் என்று இறகும் மரபணுவும் ஒருசேரச் சொல்லின. இறகில் இருந்த ஹைட்ரஜன் ஐசோடோப்புகளை அளந்தபோது, அவை நியூயார்க்கிலேயே தங்கி வாழும் வாத்துகள் அல்ல, வடக்கேயிருந்து வலசை வந்தவை என்பதும் புலப்பட்டது. உள்ளூர் வாத்துகளைக் கட்டுப்படுத்துவதற்கும் வலசைக் கூட்டத்தைத் தவிர்ப்பதற்கும் வேறு வேறு வழிகள் வேண்டும் என்பதால், இது முக்கியமான கண்டுபிடிப்பு.

மரபணுச் சோதனை வந்த பிறகு, ஒரு துளி இரத்தக் கறையிலிருந்தே இனத்தைச் சொல்லிவிட முடிகிறது. அதற்காக நுண்ணோக்கியை மூட்டைகட்டிவிட முடியாது. சுமார் 1,500 அடி உயரத்தில் மோதல் கண்ட ஒரு விமானத்தின் எச்சத்தைச் சோதித்தபோது மரபணு காட்டிய விடை மான். மான் வானில் பறக்காது. மிச்சத்தை மறுபடி துழாவியபோது சிக்கிய சிறு இறகுத் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்ததும் உண்மை தெரிந்தது. மோதியது ஒரு பிணந்தின்னிக் கழுகு. மான், அது கடைசியாகத் தின்ற இரை.