நந்தா தேவியில் தொலைந்த பேட்டரி

கம்மாபுரத்துல எங்க வீட்டு இன்வெர்ட்டருக்குத் தண்ணி ஊத்துறது என் வேலை. அதனால, 2024 ஜனவரியில சீனாவோட பீட்டாவோல்ட் கம்பெனி '50 வருஷம் சார்ஜே வேண்டாம்'னு ஒரு அணு பேட்டரியை அறிவிச்சப்ப ஆசையா இருந்துச்சு. கணக்குப் போட்டேன். அது தர்றது 100 மைக்ரோவாட். 1 வாட்டுக்கே 10,000 பேட்டரி அடுக்கணும்! சென்சாருக்குச் சரி, போனுக்கு ஆகாது.

கூடுதல் கரண்ட் வேணும்னா கூடுதல் கதிரியக்கப் பொருள் வேணும். அதோட வில்லங்கம் என்னன்னு நம்ம நாடு பார்த்திருக்கு.

1964ல சீனா அணுகுண்டு வெடிச்சதும், அதை வேவு பார்க்க சிஐஏவும் நம்ம உளவுத்துறையும் நந்தா தேவி உச்சியில கருவி வைக்கத் திட்டம் போட்டாங்க. அதுக்கு மின்சாரம் புளூட்டோனியம் 238ஓட சூட்டுல இருந்து. 1965 அக்டோபர்ல பனிப்புயல். இந்தியக் குழுத் தலைவர் எம்.எஸ். கோலி, கருவியை மலையிலேயே விட்டுட்டு ஆட்களை இறங்கச் சொன்னார். சரியான முடிவுதான், ஆள் உயிர் முக்கியம் இல்லையா? அடுத்த வருஷம் போனா, கருவியைக் காணோம். 1978 வரைக்கும் ஊருக்கே தெரியாது; அப்புறம்தான் பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்துல ஒத்துக்கிட்டார்.

புளூட்டோனியம் 238 பாதியாகக் குறையவே 88 வருஷம் ஆகும். நந்தா தேவிப் பனி உருகி ரிஷிகங்கை வழியா கங்கைக்குப் போகுது. பல தடவை தேடினாங்க, இன்னும் கிடைக்கலை.