எத்தனை தலையணை? இதயத் தளர்ச்சியை அளந்த கைகளின் வரலாறு

1968 பிப்ரவரியில் மும்பை, பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் பிரபுல்ல குமார் சென் தலைமையிலான அறுவை மருத்துவர் குழு ஒருவரின் இதயத்தை மற்றொருவருக்குப் பொருத்தியது. கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் உலகின் முதல் மாற்று அறுவையைச் செய்து மூன்று மாதங்கள்கூட நிறைவுறாத காலம் அது. இந்தியாவில் அதுவே முதல் முயற்சி. நோயாளி சில மணி நேரமே உயிரோடிருந்தார். அவ்வாண்டிலேயே செய்யப்பட்ட இரண்டாவது அறுவையின் நோயாளியும் ஒரு நாளைத் தாண்டவில்லை. 1994இல் தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பி. வேணுகோபால் வெற்றி காணும் வரை, இந்திய இதய மாற்று வரலாற்றில் பரேலின் பக்கம் ஒரு தோல்விக் குறிப்பாகவே கிடந்தது.

அத்தோல்விக்குக் கூறப்படும் காரணம் கருதத்தக்கது: நுரையீரல் நாளங்களின் எதிர்ப்பு மிகுந்திருந்தது. இடப்பக்க இதயம் நெடுநாள் தளர்ந்திருந்தால் குருதி பின்னோக்கித் தேங்கி நுரையீரலின் நாளங்களில் அழுத்தம் ஏறும். நாளடைவில் அந்நாளங்களே தடித்துவிடும். பழைய இதயத்தின் வலக் கீழறை அந்தச் சுமைக்கு மெல்ல மெல்லப் பழகியிருக்கும். புதிதாகப் பொருத்திய இதயமோ பழகாதது. ஆகவே அது தளர்ந்துவிடும். இன்று மாற்று அறுவைப் பட்டியலில் பெயர் சேர்க்கும் முன் இந்த எதிர்ப்பை வடிகுழாய் செலுத்தி அளந்தாக வேண்டும் என்பது எழுதாச் சட்டமன்று, எழுதப்பட்ட நெறி. 1968இலும் வடிகுழாய் ஆய்வு இருந்தது. எக்ஸ்-கதிர் மேசையின்மேல் படுக்கவைத்து ஒருமுறை அளக்கலாம். படுக்கையருகே இரவும் பகலும் அளந்துகொண்டிருக்கும் கருவிதான் இல்லை. அது வர இன்னும் இரண்டாண்டுகள் இருந்தன.

அக்கருவியின் வரலாறு வழக்கமாக மருத்துவர்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. மொழியியல் படித்துவிட்டு மருத்துவச் சொற்களின் வரலாற்றுக்குள் வந்த எனக்கு, அவ்வரலாற்றின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு செவிலியர் நிற்பதும், கதை முடியும்போது அவர் காணாமற்போவதுமே முதலில் கண்ணிற்பட்டன.

1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகர மருத்துவமனையில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் தம் கைச் சிரை வழியே சிறுநீர் வடிகுழாயொன்றை இதயம் வரை செலுத்திக்கொண்ட நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. அதில் கெர்டா டிட்சென் என்ற செவிலியரும் உண்டு. நுண்ணுயிர் நீக்கிய கருவிகளின் அலமாரிச் சாவி அவரிடம் இருந்தது. சோதனையைத் தம்மேல் செய்யும்படி அவரே முன்வந்தார். ஃபோர்ஸ்மன் அவரை மேசையில் கட்டிவைத்துவிட்டு, அவர் அறியாமல் தம் கையிலேயே குழாயைச் செலுத்தினார். பிறகு கட்டவிழ்த்து, இருவருமாக எக்ஸ்-கதிர் அறைக்கு நடந்து சென்றனர். 1956இல் ஃபோர்ஸ்மன், குர்னான், ரிச்சர்ட்ஸ் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். டிட்சென் ஒரு சுவையான துணுக்காக எஞ்சினார்.

1960களில் காட்சி மாறத் தொடங்கியது. ஃபிலடெல்ஃபியாவின் பிரஸ்பிட்டேரியன் மருத்துவமனையில் லாரன்ஸ் மெல்ட்சர் அமைத்த மாரடைப்புக் கண்காணிப்புப் பிரிவின் அடிப்படைக் கருத்து எளியது: இதயத்துடிப்பு தடம் புரளும் அந்த நொடியில் அறையில் இருப்பவர் மருத்துவர் அல்லர், செவிலியர், ஆகவே மின்வரைவைப் படிக்கவும் மின்னதிர்ச்சி கொடுக்கவும் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். ரோஸ் பின்னியோ என்ற செவிலியர் அத்திட்டத்தில் முதன்மைப் பங்காற்றினார். 1965இல் வெளிவந்த செவிலியர் கையேட்டில் அவர் பெயர் ஆசிரியர்களுள் ஒன்றாக நிற்கிறது. ஒருவகையில் அது ஒரு எழுத்தறிவு இயக்கம்.

பிறகு 1970. லாஸ் ஏஞ்சலிஸின் சீடார்ஸ் மருத்துவமனையில் ஜெரமி ஸ்வானும் வில்லியம் கான்ஸும், நுனியில் சிறு பலூன் பொருத்திய மென்மையான வடிகுழாயை உருவாக்கினர். கடலில் பாய் விரித்துச் சென்ற படகைக் கண்டபோது ஸ்வானுக்கு அந்த எண்ணம் தோன்றியதாம். பலூனைக் குருதியோட்டமே இழுத்துச் சென்று நுரையீரல் தமனியின் கிளையொன்றில் ஆப்பு வைத்தாற்போல் நிறுத்தும். அங்கு அளக்கும் ‘ஆப்பழுத்தம்’ இடப்பக்க இதயத்தின் நிரம்பல் அழுத்தத்தை ஏறத்தாழக் காட்டும். எக்ஸ்-கதிர் மேசை வேண்டியதில்லை. நோயாளியின் கட்டிலிலேயே செய்யலாம். 1976இல் ஃபாரெஸ்டரும் உடன் பணியாற்றியோரும் ஆப்பழுத்தம் 18 மில்லிமீட்டர் பாதரசம் என்ற எல்லையையும், உடற்பரப்புக்கேற்ற இதய வெளியீடு 2.2 லிட்டர் என்ற எல்லையையும் கொண்டு நோயாளிகளை நான்கு கட்டங்களில் நிறுத்தினர். எண் வந்துவிட்டது. எண் வந்ததும் மருந்தும் அதன்படி நடக்கத் தொடங்கியது.

ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது? அழுத்த உணரியை நோயாளியின் இதய வலமேலறையின் மட்டத்தில், அதாவது நான்காம் விலாவிடைவெளியும் மார்பின் பக்கவாட்டு நடுக்கோடும் சந்திக்கும் இடத்தில், நிறுத்த வேண்டும். உணரி 10 செ.மீ. தாழ்ந்திருந்தால் அளவு 7 மில்லிமீட்டருக்கும் மேல் கூடுதலாகக் காட்டும். எல்லையோ 18. அரைச் சாண் பிசகில் ஒருவர் ஒரு கட்டத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடுவார். சிறுநீர்ப்போக்கி மருந்து தேவையற்றவருக்கு ஏறும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினால் மீண்டும் மட்டம் பார்க்க வேண்டும், புரட்டிப் படுக்கவைத்தால் மீண்டும். நம் பொது மருத்துவமனைகளில் மையச் சிரை அழுத்தத்தை உப்புநீர்க் குழாயில் அளந்தபோதும் வேலை இதுவேதான்: கொத்தனாரின் ரசமட்டம் செய்யும் பணியைச் செவிலியரின் கண் செய்தது. இந்தத் திறனுக்குக் கட்டுரைகளில் பெயரில்லை. அட்டவணையில் எண் மட்டுமே விழும்.

எண்ணின் மதிப்பு 1990களில் ஆட்டங்கண்டது. அமெரிக்க, கனடிய மருத்துவமனைகள் 13இல் 496 மருத்துவர்களுக்கு வைத்த தேர்வின் முடிவு 1990இல் வெளிவந்தது. தெளிவான வரைவிலிருந்து ஆப்பழுத்தத்தைச் சரியாகப் படிக்க இயலாதோர் 47 விழுக்காட்டினர். செவிலியரிடையே பின்னர் நடத்திய தேர்வின் முடிவும் மெச்சத்தக்கதாயில்லை. பின்னியோவின் எழுத்தறிவு இயக்கம் அந்த அளவோடு நின்றுவிட்டது போலும். 1996இல் வெளிவந்த ஆய்வொன்று 5,735 தீவிர நோயாளிகளை ஒப்பிட்டு, இவ்வடிகுழாய் இடப்பட்டவர்களிடையே 30 நாள் இறப்பு கூடுதல் என்று கூறிப் பெரும் புயலைக் கிளப்பியது. கடும் இதயத் தளர்ச்சி நோயாளிகள் 433 பேரைக் கொண்ட ‘எஸ்கேப்’ ஆய்வு 2005இல் முடிவைச் சொன்னது: வடிகுழாய் இட்டதால் ஆறு மாதங்களில் மருத்துவமனைக்கு வெளியே உயிர்வாழ்ந்த நாட்கள் கூடவில்லை, உள்ளே சிக்கல்கள்தாம் கூடின.

இதைக் கொண்டு ‘கருவி பொய், கைப்பழக்கமே மெய்’ என்று முழங்குவோர் உண்டு. அதற்கு நான் உடன்படேன். 1989இல் ஸ்டீவன்சனும் பெர்லாஃபும் காட்டியது என்ன? ஆப்பழுத்தம் 22க்குக் குறையாதிருந்த 43 நோயாளிகளில் 18 பேரிடம் நுரையீரல் ஒலி, கால் வீக்கம், கழுத்துச் சிரைப் புடைப்பு ஆகிய மூன்றுமே இல்லை. கண்ணும் காதும் ஏமாறும். முற்றிய நிலையிலும், மாற்று அறுவைக்கு முன்னரும் வடிகுழாய்க்கு இன்றும் இடமுண்டு. பரேல் நோயாளியின் கதையே அதற்குச் சான்று.

எஸ்கேப் தரவுகளை மீண்டும் ஆராய்ந்து 2008இல் வெளிவந்த கட்டுரையில்தான் என் துறைக்குரிய செய்தி இருக்கிறது. உயர்ந்த ஆப்பழுத்தத்தோடு பொருந்திவந்த அடையாளங்கள் இரண்டே: ஒன்று கழுத்துச் சிரையின் புடைப்பு, மற்றொன்று நோயாளி சொல்லும் ஒரு விடை. எத்தனை தலையணை வைத்து உறங்குகிறீர்கள்? இரண்டு அல்லது அதற்கு மேல். தட்டையாகப் படுத்தால் கால்களிலும் வயிற்றிலும் உள்ள குருதி நெஞ்சுக்குத் திரும்பி நுரையீரலில் தேங்கும், மூச்சு முட்டும். ஆகவே தலை உயர உயரச் சுகம். 2014இல் இன்னொரு குறியும் சேர்ந்தது: முன்னோக்கிக் குனிந்த அரை நிமிடத்துக்குள் மூச்சிரைத்தல். காலணி நாடாவைக் கட்டும்போது என்பது அங்கே கேட்கப்படும் எடுத்துக்காட்டு. ஆக, குழாய் இறங்கி எடுத்துவரும் எண்ணுக்கு ஒரு வாக்கியம் ஓரளவு ஈடாக நிற்க முடியும். வாக்கியம் சரியாகக் கேட்கப்பட்டால்.

இப்போது தாராவிக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையினர் தோல் பதனிடும் தொழிலுக்காக வந்து குடியேறிய இடம். அங்குள்ளோர்க்கு மிக அருகிலுள்ள பெரிய மருத்துவமனை, நம்மவர் சயான் ஆஸ்பத்திரி என்று சொல்லும் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை. ஒற்றை அறையில் ஐந்தாறு பேர் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் ‘எத்தனை தலையணை’ என்ற கேள்விக்கு விடை ‘ஒன்று’ என்றோ ‘இல்லை’ என்றோதான் வரும். அழுத்தம் குறைவு என்று அதற்குப் பொருளில்லை. அவர் சுவரில் சாய்ந்தபடி விடியும்வரை உட்கார்ந்திருக்கலாம். காற்றுக்காக வாசற்படியில் போய் அமர்ந்திருக்கலாம். காலணி நாடாவைப் பற்றிக் கேட்பதிலும் பயனில்லை. குனிந்து குடத்தில் தண்ணீர் பிடிக்கையில் என்று கேட்க வேண்டும். எத்தனை படி ஏறினால் இளைக்கிறது என்ற வினாவும் மேல்தளத்து அறைக்குச் செங்குத்தான இரும்பேணியில் ஏறுவோரிடம் வேறு பொருள் கொள்ளும்.

சொற்களின் சிக்கல் இன்னும் ஆழமானது. தென்பாண்டித் தமிழரின் ‘இளைப்பு’ மூச்சிரைப்பைக் குறிக்கும், களைப்பைக் குறிக்கும், ஆஸ்துமாவைக் குறிக்கும், உடல் மெலிவையும் குறிக்கும். மராத்தியில் ‘தம் லாக்ணே’ என்றால் மூச்சு வாங்குதல். ‘தமா’ என்றால் ஆஸ்துமா. தமிழ் மூதாட்டி ‘இளைப்பு’ என்பதை மகன் இந்தியில் சொல்ல, மராத்தியரோ மலையாளியோ ஆன செவிலியர் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகையில், இதய நோய் ஆஸ்துமாவாக உருமாற இரண்டே எட்டு போதும். ‘மூச்சு வாங்குது’ என்பதும் ‘மூச்சு முட்டுது’ என்பதும் ஒன்றல்ல. முன்னது பெரும்பாலும் உழைப்போடு சேர்ந்தது. பின்னது படுக்கையோடும் இரவோடும் சேர்ந்து வரும். இந்த வேறுபாடு ஆங்கிலக் குறிப்பேட்டை அடையும்போது ஒற்றைச் சொல்லாகத் தேய்ந்துவிடுகிறது. நோயின் பெயரே இன்னல்தான். பாடநூல்கள் ‘இதயச் செயலிழப்பு’ என்கின்றன. கேட்பவர் இதயம் நின்றுவிட்டது என்றே கொள்வார். நான் ‘தளர்ச்சி’ என்று எழுதுவது அதனாலேயே. மருத்துவத் தமிழறிஞர்கள் மறுக்கக்கூடும்.

செவிலியரின் கேள்வியும் விளக்கமும் வெறும் கனிவு அல்ல என்பதற்கு வலுவான சான்று உண்டு. செயின்ட் லூயிஸில் மைக்கேல் ரிச்சும் குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில் 282 முதிய நோயாளிகள் இருந்தனர். ஒரு பகுதியினருக்குச் செவிலியர் தலைமையில் உணவு, மருந்து, எடை பற்றிய பயிற்சியும் வீடு திரும்பிய பின் தொடர்பும் கிடைத்தன. 90 நாட்களுள் இதயத் தளர்ச்சிக்காக மீண்டும் மருத்துவமனை சேர்ந்த நிகழ்ச்சிகள் அவர்களிடையே 24, மற்றவர்களிடையே 54. பலூன் வடிகுழாய் காட்ட இயலாத பயனை எடைபார்க்கும் கருவியும் தொலைபேசியும் காட்டின.

இந்தியாவில் இதன் தேவை இன்னும் கூடுதல். 2013இல் திருவனந்தபுரம் பதிவேடு 18 மருத்துவமனைகளின் 1,205 நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. அவர்களின் சராசரி வயது 61. மேலை நாட்டுப் பதிவேடுகளில் அது எழுபதைத் தாண்டும். இங்கே இந்நோய் உழைக்கும் வயதிலேயே வருகிறது. ‘மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே வாருங்கள்’ என்பது உலகெங்கும் சொல்லப்படும் அறிவுரை. எடைக்கருவி இல்லாத வீட்டில் அதை மோதிர இறுக்கமாகவோ செருப்பு வார் பதிந்த தடமாகவோ பெயர்த்தாக வேண்டும். உப்பைக் குறையுங்கள் என்றால் குழம்பில் குறைப்பார்கள். கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் உப்புக் கணக்கில் வரும் என்பதைத் தனியே சொல்ல வேண்டும். காலையில் விழுங்கும் சிறுநீர்ப்போக்கி மாத்திரை, பொதுக் கழிப்பறை வரிசையை நம்பி வாழும் பெண்ணுக்கு என்ன பொருள் தரும்? வேலைக்குப் புறப்படும் நாளில் அவர் அதை விட்டுவிடுவதை ‘ஒத்துழையாமை’ என்று குறிப்பேட்டில் எழுதுவது எளிது. வேளையை மாலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்டுச் சொல்லக்கூடியவர் செவிலியர். அதற்கு அவருக்கு நேரம் வேண்டும். பயிற்சி மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் நெறி. மாநகராட்சி வார்டு ஒன்றில் இரவுப் பணி நேரத்தில் ஒருமுறை நின்று பார்த்தவர்க்கு அந்நெறியைப் பற்றி மேலும் விளக்க வேண்டியதில்லை.

மும்பைத் தமிழ் நோயாளிகள் மூச்சைப் பற்றிச் சொல்லும் தொடர்களைத் தொகுத்துவருகிறேன். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், தாணே பகுதி மருத்துவமனைகளில் பணிபுரிந்த செவிலியர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் ஒன்று மட்டும் எழுதுங்கள்: தலையணை இல்லாத வீட்டிலிருந்து வந்தவரிடம் நீங்கள் எந்தச் சொற்களில் கேட்டீர்கள்? நோயாளியின் பெயரோ மருத்துவமனையின் பெயரோ வேண்டாம். கேட்ட மொழியும், கேட்ட வாக்கியமும், வந்த விடையும் போதும்.