கையில் பிடிக்காமல் ஒலிப்பதிவு: தோட்டத்துப் பெரியவர்களின் குரலைச் சேமிக்க ஒரு வழிகாட்டி

பாட்டி வெங்காயம் உரித்துக்கொண்டே லயத்து வாழ்க்கையைப் பற்றிப் பேசுவார். பேரன் கைத்தொலைபேசியை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டியதும் பேச்சு நின்றுவிடும். “நான் என்னத்தச் சொல்றது, உங்க தாத்தா இருந்திருந்தா சொல்லியிருப்பாரு” என்று முடித்துக்கொள்வார். பல வீடுகளில் நடப்பது இதுதான். கையில் வேலை இருக்கும்போது வரும் பேச்சு, கருவியைக் கண்டதும் மறைந்துவிடுகிறது.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. உடையில் மாட்டிக்கொள்ளும் சிறிய ஒலிப்பதிவுக் கருவியைப் பயன்படுத்தினால் பேசுபவரின் கையும் கேட்பவரின் கையும் சும்மா இருக்கும். பாட்டி சமைக்கலாம், தாத்தா பழைய தோட்டத்துப் பாதையில் நடந்தபடியே பெரட்டுக்களம் இருந்த இடத்தைக் காட்டலாம். கருவி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

காலம் குறைவு

சயாம் மரண ரயில் பாதை 1942-க்கும் 1943-க்கும் இடையே போடப்பட்டது. சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருமளவில் கொண்டு செல்லப்பட்டனர். 1945-இல் போர் முடிந்தபோது பத்து வயதுச் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தொட்டவர்கள். 1950, 60-களின் தோட்டத் துண்டாடலை நேரில் கண்டவர்களும் முதுமையில் இருக்கிறார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்த இடங்களில், செம்பனையும் போய் வீடமைப்பு வந்த இடங்களில், ஊரின் அடையாளமே இவர்களின் பேச்சில்தான் மிஞ்சியிருக்கிறது. உளி, மங்கு, ஒட்டுப்பால் என்ற சொற்களோடு வரும் அந்தப் பேச்சும், தாலாட்டும் ஒப்பாரியும் எழுத்தில் முழுமையாக வராது. குரலாகவே சேமிக்க வேண்டும்.

கருவி வகைகள்

மாட்டிக்கொள்ளும் கருவிகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, கைத்தொலைபேசியும் கழுத்துப்பட்டி ஒலிவாங்கியும். நீண்ட கம்பியுள்ள சிறு ஒலிவாங்கியைச் சட்டையில் குத்தி, தொலைபேசியைப் பையில் போட்டுக்கொள்வது. செலவு மிகக் குறைவு. அழைப்பு வந்தால் பதிவு தடைப்படலாம் என்பதால், தொடங்கும் முன் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, கிளிப் உள்ள சிறு பதிவுக் கருவி. தனியாகவே பதியும். ஆனால் ஒலிவாங்கி கருவிக்குள்ளேயே இருப்பதால், உடையில் உரசும் சத்தம் எளிதில் புகுந்துவிடும்.

மூன்றாவது, இடுப்பில் செருகும் பதிவுக் கருவியும் அதனுடன் இணைந்த சட்டை ஒலிவாங்கியும். டாஸ்காம் டிஆர்-10எல், ஸூம் எஃப்2 போன்றவை இந்த வகை. முதலாவது, ஒரே பேச்சைக் குறைந்த ஒலி அளவில் இன்னொரு கோப்பாகவும் சேர்த்துப் பதியும் வசதி கொண்டது. இரண்டாவது, 32 பிட் முறையில் பதிவதால் ஒலி அளவை முன்கூட்டியே அமைக்கத் தேவையில்லை. மெதுவாகப் பேசிக்கொண்டே வந்து திடீரென்று குரலெடுத்துப் பாடும் பெரியவர்களுக்கு இத்தகைய வசதி பெரிய பாதுகாப்பு.

நான்காவது, கழுத்தில் பதக்கம்போல் தொங்கவிடும் புதிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள். இவற்றில் பல, பதிந்த பேச்சை இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பி எழுத்தாக்கித் தரும். மலாய்ச் சொற்கள் கலந்த தோட்டத்துத் தமிழை இவை தவறாகப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். எழுத்தை ஆள் வைத்துச் சரிபார்க்க வேண்டும். மூல ஒலிக்கோப்பைத் தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

எங்கே மாட்டுவது

ஒலிவாங்கி தாடையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 15 முதல் 20 சென்டிமீட்டர் கீழே, நெஞ்சின் நடுவில் இருக்க வேண்டும். திறந்த வெளியில் இந்தத் தூரம் இரட்டிப்பானால் குரலின் அளவு 6 டெசிபல் குறையும். சுற்றுச் சத்தமோ அப்படியே இருக்கும். மேசையில் வைத்த கருவியைவிட நெஞ்சில் மாட்டிய கருவியில் குரல் தெளிவாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

சட்டை என்றால் பொத்தான் பட்டியில் குத்தலாம். சேலை என்றால் ரவிக்கையின் கழுத்து ஓரம் நல்லது. முந்தானையில் குத்தினால் ஒவ்வோர் அசைவிலும் சரசரக்கும். தாலிச் சங்கிலியும் மணிமாலையும் ஒலிவாங்கியில் படாமல் ஒதுக்கிவிட வேண்டும். பருத்தி உடை குறைவாகவே சத்தமிடும். பட்டும் பாலியெஸ்டரும் அதிகம் சத்தமிடும். கம்பியை ஒரு சிறு வளையமாக மடித்துக் கிளிப்பில் செருகினால், கம்பி இழுபடும் ஓசை ஒலிவாங்கியை எட்டாது.

ஓர் எச்சரிக்கை: சில கருவிகள் காந்தப் பிடியுடன் வருகின்றன. இதயத்துடிப்புக் கருவி பொருத்தப்பட்டவர்களின் நெஞ்சில் காந்தத்தை வைக்கவே கூடாது. பெரியவரிடம் முதலில் இதைக் கேட்டுவிட்டு, அவர்களுக்குச் சாதாரணக் கிளிப்பையே பயன்படுத்த வேண்டும்.

காற்றும் வீட்டுச் சத்தமும்

வெளியில் நடந்து பேசும்போது காற்றே முதல் எதிரி. ஒலிவாங்கிக்குப் பஞ்சு உறையும், அதன்மேல் ரோம உறையும் போட வேண்டும். கருவியில் தாழ்வொலி வடிகட்டி இருந்தால் 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை வைக்கலாம். லாரி இரைச்சலும் காற்றின் முழக்கமும் குறையும்.

வீட்டுக்குள் மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்த வேண்டும். தாளிக்கும் சத்தம் பேச்சை மூடிவிடும்; காய் நறுக்குவதும் கீரை ஆய்வதும் தொல்லை தராது. சேவல் கூவலும் கோயில் மணியும் இருந்துவிட்டுப் போகட்டும், அவையும் அந்த இடத்தின் குரல்தான்.

ஒலி அளவும் இடமும்

அளவை நாமே அமைக்கும் கருவியில், உரத்த பேச்சு மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி வைக்க வேண்டும். பூச்சியத்தைத் தொட்டால் குரல் உடையும். உடைந்த குரலைப் பிறகு முழுதாகச் சரிசெய்ய முடியாது.

பதிவை வேவ் கோப்பாக எடுப்பது நல்லது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 318 மெகாபைட் ஆகும். 32 ஜிகாபைட் அட்டையில் ஏறத்தாழ 100 மணி நேரம் அடங்கும். 128 கிலோபிட் எம்பி3 என்றால் மணிக்குச் சுமார் 58 மெகாபைட்தான், ஆனால் ஒலியின் நுட்பம் குறையும். இடம் போதுமானதாக இருக்கும்போது சிக்கனம் தேவையில்லை. உண்மையான சிக்கல் மின்கலன்தான். முதல் நாள் இரவே முழுதாக மின்னேற்றி, மறுநாள் 2 நிமிடம் பதிந்து, காதொலிப்பானில் கேட்டுப் பார்த்த பிறகே உட்கார வேண்டும்.

அனுமதி

கருவி கண்ணில் படாதது வசதிதான், அதுவே ஆபத்தும்கூட. அரை மணி நேரத்தில் பெரியவர் கருவியை மறந்துவிடுவார். சொத்துத் தகராறு, குடும்பத்து மானம், இறந்துபோனவர்களின் குறை எல்லாம் வெளியே வரும். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களுக்கானது. குடும்பத்துக்குள் எடுக்கும் பதிவை அது கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே இங்கே காவல் நிற்க வேண்டியது நம் மரியாதைதான்.

தொடங்கும் முன் எதற்காகப் பதிகிறோம், யார் கேட்பார்கள் என்று சொல்லி, சம்மதத்தையும் பதிவிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். இடையில் அடுத்த வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தால் அவருக்கும் சொல்ல வேண்டும். முடிந்ததும், “இதுல எதையாச்சும் எடுத்துடணுமா பாட்டி?” என்று கேட்க வேண்டும். அவர் எடுக்கச் சொன்னதை எடுத்துவிட வேண்டும். ஒளித்து வைத்துப் பதிந்த குரலை அந்தக் குடும்பமே பின்னாளில் கேட்க விரும்பாது.

பதிந்த பிறகு

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, இடம், பேசுபவர், கேட்பவர் பெயர்களைச் சொல்லிவிட வேண்டும். கோப்பின் பெயரிலும் ஆண்டு, மாதம், நாள், பெயர், தோட்டம் என்ற வரிசை இருக்கட்டும். மூன்று படிகள் வேண்டும்: கணினியில் ஒன்று, வெளி வட்டில் ஒன்று, வேறொரு வீட்டில் ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்பினால் தரம் குறையாது. எந்த நிமிடத்தில் என்ன பேச்சு என்று ஒரு தாளில் குறித்து வைத்தால், பிறகு தேடுவது எளிது.

பொதுவுக்குப் பயன்படும் பதிவு என்றால், 1957-இல் தொடங்கிய மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தை அணுகிக் கேட்கலாம். சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இத்தகைய நேர்காணல்களைச் சேகரித்து வருகிறது.

விலை உயர்ந்த கருவிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் தொலைபேசியும் ஒரு சட்டை ஒலிவாங்கியும் போதும். அடுத்த விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போகும்போது அதை மாட்டிவிட்டு, வெங்காயம் உரிக்க நாமும் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும்.