இரத்தம் சொன்ன எண்

ஆசிரியத் தொழிலில் 34 ஆண்டுகள் இருந்து, தலைமை ஆசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். விடைத்தாள் திருத்தியே வாழ்நாளைக் கழித்தவனுக்கு 35 என்ற எண்ணை மறக்க இயலாது. 35 பெற்றவன் தேறினான்; 34 பெற்றவன் தவறினான். இருவரையும் அருகருகே நிறுத்திக் கேள்வி கேட்டால், சில வேளைகளில் தவறியவனே நன்றாக விடை சொல்லுவான். சென்ற ஆண்டு அதைப் போன்ற ஓர் எண்ணின் முன்னால் நானே நிற்க நேர்ந்தது. என் இரத்தப் பரிசோதனைத் தாளில், ‘பி.எஸ்.ஏ.’ என்ற எழுத்துக்களுக்கு நேரே 6.2 என்றும், பக்கத்திலே ‘4க்குள் இருத்தல் வேண்டும்’ என்றும் அச்சிட்டிருந்தது. அந்த 4 எங்கிருந்து வந்தது? அதைத் தேடியபோது கிடைத்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒரு சுரப்பி. சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயின் தொடக்கத்தைச் சுற்றி அமைந்திருப்பது. இளமையில் கொட்டைப்பாக்கை விடச் சற்றே பெரிதாக இருக்கும். வயது ஏற ஏறப் பருக்கும். அதில் தோன்றும் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் ஓசையின்றி வளரும். என் மூத்த தமையனார் 2008-ஆம் ஆண்டில், தமது 62-ஆம் வயதில், இந்நோயினால் காலமானார். முதுகு வலி, முதுகு வலி என்று ஓராண்டுக்கு மேல் தைலம் தேய்த்துக் கொண்டிருந்தோம். வலி வந்த போதே நோய் முதுகெலும்பை அடைந்துவிட்டிருந்தது என்பது பின்னர்தான் எங்களுக்கு விளங்கியது. ஆகவே, 6.2 என்ற எண்ணைக் கண்டு நான் எவ்வளவு கலங்கியிருப்பேன் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இந்நோயை இரத்தத்தில் தேடும் முயற்சி 1930-களில் தொடங்கியது. நியூயார்க்கில் அலெக்சாண்டர் குட்மன், எதல் குட்மன் என்ற இருவர், இந்நோய் பரவியவர்களின் இரத்தத்தில் அமில பாஸ்பட்டேஸ் என்னும் நொதி மிகுந்திருப்பதை 1938-இல் எடுத்துக்காட்டினர். மூன்றாண்டுகளுக்குப் பின், சிகாகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹக்கின்ஸ், ஆண் இயக்குநீரைக் குறைத்தால் அந்த நொதியும் குறைகிறது, நோயும் தணிகிறது என்று கண்டார். அதற்காக 1966-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஆயினும் இந்த நொதி, நோய் எலும்புக்குப் பரவிய பிறகே பெரும்பாலும் உயர்ந்தது. வெள்ளம் வீட்டுக்குள் வந்த பின் அடிக்கும் எச்சரிக்கை மணி அது.

முன்னதாகவே அடிக்கும் மணியொன்று தேவைப்பட்டது. புராஸ்டேட்டுக்கே உரிய புரதப் பொருள்களைப் பற்றி ரிச்சர்ட் ஆப்ளின் என்பவர் 1970-இல் எழுதினார். 1979-இல், பஃபலோ நகரத்து ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில் மிங் சூவின் குழுவினர் அத்தகைய புரதம் ஒன்றைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். அதுவே பி.எஸ்.ஏ. அடுத்த ஆண்டே அதை இரத்தத்திலும் அளந்து காட்டினர்.

இங்கே ஒரு நுட்பத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பி.எஸ்.ஏ. சுரப்பிக்கு உரியது, புற்றுநோய்க்கு உரியதன்று. நல்ல சுரப்பியும் அதை உண்டாக்குகிறது. உறைந்த விந்துநீரை இளக்குவது அதன் வேலை. சுரப்பியின் உள்கட்டமைப்பு குலையும்போது அது இரத்தத்தில் கசிகிறது. புற்றுநோயாலும் குலையலாம், அழற்சியாலும் குலையலாம். முதுமையில் சுரப்பி பருத்தாலும் அளவு ஏறும். பின்னால் எழுந்த குழப்பங்களுக்கெல்லாம் மூலம் இதுதான்.

சிகிச்சை பெற்றவர்களைக் கண்காணிக்க, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1986-இல் இச்சோதனைக்கு அனுமதி அளித்தது. நோயைக் கண்டுபிடிக்க உதவும் சோதனை என்ற அனுமதி 1994-இல்தான் வந்தது. இடையிலே, 1991-இல், செயின்ட் லூயிஸ் நகரத்து வில்லியம் கேட்டலோனா 1,653 ஆண்களைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு மில்லிலிட்டரில் 4 நானோகிராம் என்பதை எல்லைக் கோடாகக் கொண்டார். 4 முதல் 10 வரை பெற்றவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கே புற்றுநோய் தென்பட்டது. மற்ற 78 பேர் வீணாகக் கலங்கினார்கள் என்று கொள்ளலாம். சரி, 4க்குக் கீழே இருந்தவர்கள் தப்பினார்களா? 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 4ஐத் தாண்டாத 2,950 பேரிடம் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 449 பேருக்குப் புற்றுநோய் இருந்தது! இதைப் படித்தபோது, ‘அந்த 34 வாங்கிய பையனா?’ என்று என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. கண்டுபிடிக்கப்பட்ட நோய்களில் பல, மனிதரின் ஆயுளுக்குள் தீங்கு செய்யாத மந்த நோய்கள். ஆயினும் பலர் அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் உட்பட்டு, சிறுநீரை அடக்க முடியாமல் அவதியுற்றனர். முதன்முதலில் எழுதிய ஆப்ளினே, 2010-இல், இச்சோதனையைக் கண்டபடி நடத்துவதை நாளிதழ் ஒன்றில் வன்மையாகக் கண்டித்தார்.

அதற்கு முந்திய ஆண்டில் இரு பேராய்வுகளின் முடிவுகள் ஒரே வேளையில் வெளிவந்தன. ஏழு நாடுகளில் நடந்த ஐரோப்பிய ஆய்வு, சோதனையால் இந்நோய் மரணம் நூற்றுக்கு 20 குறைந்தது என்றது. ஏறக்குறைய 76,700 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வோ, குறையவில்லை என்றது. யாரை நம்புவது? அமெரிக்காவில் சோதனை செய்யாத பிரிவில் வைக்கப்பட்ட பலர், வெளியே சென்று தாமே சோதித்துக் கொண்டுவிட்டனர். தனிப்பயிற்சியின் பயனை அளக்க மாணவரை இரு பிரிவாக்கி, பயிற்சியில்லாப் பிரிவினர் மாலையில் வேறு வாத்தியார் வீட்டுக்குப் போய்விட்டால் என்ன கணக்குக் கிடைக்கும்? ஐரோப்பிய ஆய்வு 23 ஆண்டுகள் தொடர்ந்தது. 2025-இல் வந்த முடிவின்படி, சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் இந்நோய் மரணம் நூற்றுக்கு 13 குறைவு; 456 பேரை அழைத்தால் ஒரு மரணம் தவிர்க்கப்படுகிறது. அந்த ஒருவராக என் தமையனார் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு எழாமலில்லை.

இதற்கிடையே எண்ணைப் படிக்கும் முறையும் திருந்தி வந்தது. பி.எஸ்.ஏ. இரத்தத்தில் இரு நிலைகளில் ஓடுகிறது: வேறு புரதங்களோடு பிணைந்தும், தனித்தும். புற்றுநோய் உள்ளவர்களிடம் தனித்து ஓடும் பங்கு குறைவு என்பதைப் பின்லாந்தின் ஸ்டென்மன், சுவீடனின் லில்யா ஆகியோரின் ஆய்வுகள் 1991-இல் புலப்படுத்தின. பின்னர், ஊசி போட்டுச் சதை எடுப்பதற்கு முன் எம்.ஆர்.ஐ. படம் பிடிக்கும் வழக்கம் வந்தது. 576 பேரைக் கொண்ட பிரிட்டிஷ் ஆய்வொன்று, படம் தெளிவாக இருந்தால் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஊசியைத் தவிர்க்கலாம் என்று 2017-இல் கணக்கிட்டது. நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்த 1,643 பேரை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த வேறோர் ஆய்வு 2023-இல் வந்தது. அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு ஆகிய மூன்றில் எவ்வழியில் சென்றாலும், ஏறக்குறைய நூற்றுக்கு 97 பேர் இந்நோயால் மடியவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரம் பொறுத்து மறுபடி சோதித்ததில் 6.2 என்பது 5.4 ஆயிற்று. தனித்து ஓடும் பங்கு நூற்றுக்கு 27. படத்திலும் சந்தேகத்துக்கு இடமான புள்ளி எதுவும் இல்லை. ‘ஊசி இப்போது வேண்டாம், ஐயா, ஆறு மாதம் கழித்து வாருங்கள்’ என்றார் மருத்துவர். இரு தாள்களையும் பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். தை மாதத்தில் மூன்றாவது தாள் வரும்.