பியானோ வாத்தியார் என்னும் தொழில்

பியானோ கற்றுக்கொடுப்பது ஐரோப்பாவில் ஒரு தனித்தொழிலாக நிலைபெற்றது 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அதற்கு முன் விசைப்பலகைக் கருவிகளைக் கற்பித்தவர்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார்கள், அரண்மனை இசைக்குழுவில் இருந்தார்கள், புதிய இசை எழுதினார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அந்த வேலைகளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஃபிளாரன்ஸில் பார்த்தோலோமியோ கிறிஸ்தோஃபொரி 1700ஐ ஒட்டிப் பியானோவை உருவாக்கியிருந்தும், அது வசதியுள்ள வீடுகளின் கூடத்துக்கு வந்துசேர இரண்டு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. வந்த பிறகுதான் இதைச் சொல்லிக்கொடுத்தே பிழைக்கலாம் என்ற நிலை உண்டானது. ஆசிரியருக்குப் பணம் எந்த வழியில் வந்ததோ, அதுதான் பாடம் நடந்த விதத்தையும் பெரும்பாலும் முடிவு செய்திருக்கிறது.

அரண்மனைச் சம்பளத்தில் இருந்தவர்களுக்கு அவசரம் இல்லை. பிரெஞ்சு அரசவையின் ஃபிரான்சுவா கூப்பரன் 1716இல் ஹார்ப்சிகார்டு வாசிப்பு பற்றி எழுதிய நூலில், ஆறேழு வயதில் பாடம் தொடங்கலாம் என்கிறார். ஆனால் தொடக்கத்தில் ஆசிரியர் இல்லாத நேரத்தில் பிள்ளை தனியாகப் பழகக் கூடாது. முக்கால் மணி நேரம் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளை ஒரு நொடியில் கெடுத்துவிடும் என்பதால், பாடம் முடிந்ததும் கருவியின் சாவியைத் தாமே எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். வீட்டுப் பயிற்சி எவ்வளவு நேரம் என்று கணக்குக் கேட்கும் பிற்கால ஆசிரியர்களுக்கு இது விசித்திரமாகப் படும்.

யோஹான் செபாஸ்டியன் பாஹ் 1720இல் தம் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமனுக்காக ஒரு பயிற்சி ஏட்டைத் தொடங்கினார். அப்போது பையனுக்கு ஒன்பது வயது. அந்த ஏட்டில் முதல் வடிவம் பெற்ற சிறு உருப்படிகளைத்தான் 1723இல் ‘இன்வென்ஷன்கள்’ என்ற பெயரில் திருத்தி எழுதினார். விரலுக்குப் பயிற்சி, தெளிவான வாசிப்பு ஆகியவற்றோடு, சொந்தமாக இசை எழுதுவதில் ஒரு சுவை பிடிக்கச் செய்வதும் நோக்கம் என்று அதன் முகப்பிலேயே குறித்தார். வாசிக்கக் கற்பதும் இயற்றக் கற்பதும் அவருக்கு இரண்டு பாடங்கள் அல்ல. அவர் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாஹ் 1753இலும் 1762இலும் இரண்டு பாகங்களாக வெளியிட்ட நூலும் இதே வழியில் போகிறது. கட்டைவிரலை முறையாகப் பயன்படுத்துவதில் தொடங்கி, முன்னேற்பாடின்றி வாசிக்கும் மனோதர்மத்தில் அது முடிகிறது. பெட்ஹோவன் தம்மிடம் வந்த சிறுவன் கார்ல் செர்னியை முதலில் வாங்கச் சொன்ன புத்தகமும் இதுவே.

அரண்மனைச் சம்பளத்தை விட்டு வெளியே வந்தவர்களுக்கு வேறு கவலைகள். 1781இல் வியன்னாவில் சொந்தக்காலில் நிற்கத் தொடங்கிய மொட்சார்ட், முதலில் 12 பாடங்களுக்கு ஆறு டக்கட் என்று வாங்கினார். சீமாட்டிகள் வாரக்கணக்கில் வராமல் இருந்துவிட, வருமானம் அடிபட்டது. 1782 தொடக்கத்தில் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், பாடக் கணக்கை விட்டு மாதக் கணக்குக்கு மாறிவிட்டதாகவும், படித்தாலும் படிக்காவிட்டாலும் மாதம் ஆறு டக்கட் வந்தாக வேண்டும் என்றும் தெரிவிக்கிறார். பியானோ வகுப்பு நடத்துவோர், மாணவர் வராத நாளுக்கும் கட்டணம் உண்டு என்று அறிவிப்பு ஒட்டுவதன் முன்னோடி இதுதான்.

லண்டனில் முட்ஸியோ கிளெமென்டி இன்னும் தூரம் போனார். ஒரு பாடத்துக்கு ஒரு கினி வாங்கிய அவர், நொடித்துப்போன லாங்மன் அண்ட் பிராடரிப் நிறுவனத்தின் தொழிலில் 1798இல் பங்குதாரராக இறங்கி, பியானோ செய்து விற்பதையும் இசைநூல் பதிப்பதையும் கையில் எடுத்துக்கொண்டார். அவருடைய மாணவர் ஜான் ஃபீல்டு கடையில் வாடிக்கையாளர்களுக்குக் கருவிகளை வாசித்துக் காட்டுவார். கற்பித்தல், கருவி, பாடநூல் மூன்றும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

செர்னி வியன்னாவில் 15 வயதிலேயே பாடம் சொல்லத் தொடங்கினார். காலை எட்டு மணி முதல் இரவு எட்டு வரை இருபது ஆண்டுகளுக்கும் மேல் இடைவிடாமல் கற்பித்ததாக அவரே எழுதியிருக்கிறார். பதிப்பாளர்கள் கேட்டதெல்லாம் எழுதிக்கொடுத்து, அவர் படைப்பு எண்கள் 861 வரை போயின. கர்நாடக இசையில் சரளி வரிசை போல, செர்னியின் பயிற்சிகளைத் தாண்டாமல் பியானோவில் மேலே போக முடியாது என்று ஆகிவிட்டது. அந்தப் பெயரே அவருக்குப் பழியாகவும் முடிந்தது. இதே செர்னி 1829இல் மனோதர்ம வாசிப்பை முறையாகக் கற்பிக்க ஒரு முழு நூல் எழுதியதும், சிறுவன் ஃபிரான்ஸ் லிஸ்ட்டுக்குக் கட்டணம் இல்லாமல் மாலைதோறும் பாடம் எடுத்ததும் பலர் நினைவில் இல்லை. பயிற்சி நூல்களுக்கு இருந்த சந்தை மனோதர்ம நூலுக்கு இல்லை.

இந்தத் தொழிலின் மிக வேடிக்கையான, அதே சமயம் கவனத்துக்குரிய அத்தியாயம் டப்ளினில் நடந்தது. ஜெர்மனியில் பிறந்து அயர்லாந்தில் குடியேறி ராணுவ வாத்தியக் குழுவில் வேலை பார்த்த யோஹான் பெர்ன்ஹார்டு லோகியர், 1814இல் ‘கைரோபிளாஸ்ட்’ என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பியானோவின் முன்பக்கம் பொருத்தும் சட்டம் அது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே மணிக்கட்டு சிக்கிக்கொள்ளும்; ஒவ்வொரு விரலும் அதற்கான பித்தளைப் பிளவுக்குள் நிற்கும். கை நிலை தவறவே முடியாது. அந்தக் கட்டுப்பாட்டின் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. கையைக் கருவி பார்த்துக்கொண்டால் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் நிற்க வேண்டியதில்லை. ஓர் அறையில் பல பியானோக்களை வைத்து, தொடங்கியவர்கள் ஐந்து சுரத்தில் அமைந்த எளிய மெட்டை வாசிக்க, முன்னேறியவர்கள் அதே மெட்டின் மீது நுணுக்கமான வேறுபாடுகளை ஒரே நேரத்தில் வாசித்தார்கள். ஹார்மனி பாடமும் கூடவே நடந்தது.

லோகியர் இதை மாணவர்களிடம் மட்டும் விற்கவில்லை. முறையைக் கற்க விரும்பிய ஆசிரியர்கள் 100 கினி கட்டினார்கள். ரகசியம் காப்பதாக உறுதியும் கொடுத்தார்கள். லண்டனில் புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஃபிரிட்ரிக் கால்க்பிரென்னர் அவருடன் சேர்ந்தார். மற்ற ஆசிரியர்கள் கொதித்துப்போய்த் துண்டுப்பிரசுரங்களில் ஏமாற்று வேலை என்று தாக்கினார்கள். 1817இல் ஃபில்ஹார்மானிக் சங்கத்தார் முன்னிலையில் மாணவர்களைச் சோதித்துக் காட்டிய பிறகும் சண்டை ஓயவில்லை. ஆனால் லண்டனில் வகுப்பைப் பார்த்த லூட்விக் ஷ்போர், பிள்ளைகளின் ஹார்மனி அறிவைக் கண்டு பாராட்டினார். பிரஷ்ய அரசு லோகியரை பெர்லினுக்கு அழைத்து, ஆசிரியர்களை அவரிடம் பயிற்சிக்கு அனுப்பியது.

லைப்ஸிக்கில் பியானோ கடையும் இசைநூல் வாடகை நிலையமும் நடத்திவந்த ஃபிரிட்ரிக் வீக், லோகியரின் முறையிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துத் தம் மகள் கிளாராவுக்குக் கற்பித்தார். குறிப்புகளைப் படிக்கும் முன் காதால் கேட்டு வாசிப்பது, சிறு வயதிலேயே ஹார்மனி பழகுவது ஆகியவை அதில் அடங்கும். அந்த மகள் 1828இல் ஒன்பது வயதில் கெவாண்ட்ஹவுஸ் மேடை ஏறினாள். கைரோபிளாஸ்ட் சீக்கிரமே பரணுக்குப் போயிற்று. கூட்டு வகுப்பு என்ற எண்ணம் மட்டும் தங்கியது. லோகியரைப் போலி என்று ஒதுக்கியவர்கள் சட்டத்தைத்தான் பார்த்தார்கள், வகுப்பை அல்ல.

இதற்கு நேர் எதிர்த் துருவம் பாரிஸில் ஃபிரெடெரிக் ஷோபன். 1831இல் அங்கு வந்த புதிதில், மூன்று ஆண்டு தம்மிடம் படிக்கும்படி கால்க்பிரென்னர் சொன்னதை ஷோபன் ஏற்கவில்லை. பிறகு கற்பித்தலே அவருடைய முதன்மை வருமானமாயிற்று. ஒரு பாடத்துக்கு 20 பிராங்க். மாணவர் வீட்டுக்குப் போனால் 30. பணத்தைக் கையில் வாங்கமாட்டார்; கணப்பின் மேல்விளிம்பில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு நாளில் நாலைந்து பேருக்கு மேல் எடுப்பது அரிது. அப்படிப்பட்ட கட்டணத்தில்தான் அப்படிப்பட்ட நிதானம் முடியும்.

அவர் பாடம் சி மேஜரில் தொடங்காது. படிப்பதற்கு அது எளிது, கைக்கோ அதுதான் கடினம் என்பது அவர் கருத்து. நீண்ட நடுவிரல்கள் கறுப்புக் கட்டைகளின் மேலும், குறுகிய கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெள்ளைக் கட்டைகளின் மேலும் இயல்பாக விழும்படி ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி என்ற ஐந்தின் மீது கையை வைக்கச் சொன்னார். எல்லா விரலையும் சம வலுவாக்க முயல்வது வீண், ஒவ்வொன்றுக்கும் தனி ஒலி உண்டு என்றார். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பழகுவதைக் கண்டித்தார். இதையெல்லாம் நூலாக்கத் தொடங்கிச் சில தாள்களோடு விட்டுவிட்டார். அவற்றோடு மாணவர்களின் குறிப்புகளும் கடிதங்களும்தான் இன்று மிஞ்சியிருப்பவை.

நூற்றாண்டின் பிற்பாதி ஷோபன் வழியில் போகவில்லை. பாரிஸில் 1795இலும் லைப்ஸிக்கில் 1843இலும் தொடங்கிய இசைக்கல்லூரிகளைப் பார்த்து ஊருக்கு ஊர் கல்லூரி எழுந்தது. மாணவர் கூட்டம் பெருக, எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே விரல் பயிற்சி. ஷார்ல்-லூயி ஹானன் 1873இல் வெளியிட்ட 60 பயிற்சிகள் அந்தக் காலத்தின் சரியான அடையாளம்: இசை என்று சொல்ல அதில் ஏதுமில்லை, ஆனாலும் இன்றுவரை அச்சில் இருக்கிறது. கல்லூரிகளுக்கு வெளியே இருந்த இரண்டு பெயர்கள் விதிவிலக்கு. லிஸ்ட் வைமாரில் கட்டணமே வாங்காமல் ஒரு கூட்டத்தையே உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். ஒருவர் வாசிக்க எல்லோரும் கேட்டார்கள். வியன்னாவில் தியோடர் லெஷெடிட்ஸ்கி தமக்கு முறை என்று ஒன்றும் இல்லை என்பார். அடிப்படைப் பயிற்சியை உதவி ஆசிரியர்களிடம் விட்டுவிட்டு, தயாராகி வந்தவர்களை மட்டும் தாம் பார்த்தார். பதெரெவ்ஸ்கியும் ஷ்னாபலும் அங்கிருந்து வந்தவர்கள்.

பிரிட்டனில் பியானோ ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்களாக ஆகிவந்த காலம் அது. வீட்டை விட்டுப் போகாமல் கௌரவமாகச் சம்பாதிக்க அவர்களுக்கு இருந்த மிகச் சில வழிகளில் இது ஒன்று. யார் வேண்டுமானாலும் வாசலில் பெயர்ப்பலகை மாட்டலாம் என்பதால், தகுதியுள்ளவர் யார் என்று பெற்றோருக்குத் தெரியவில்லை. டிரினிட்டி கல்லூரி 1877இல் வெளியூர்த் தேர்வுகளைத் தொடங்கியது. ராயல் அகாடமியும் ராயல் காலேஜும் சேர்ந்து 1889இல் அசோசியேட்டட் போர்டை அமைத்தன. மாணவர் தேறிய சான்றிதழே ஆசிரியருக்கு விளம்பரம் ஆயிற்று. தெருக்கோடி ஆசிரியையும் கல்லூரி ஆசிரியரும் ஒரே அளவுகோலில் நின்றார்கள் என்பது பெரிய நன்மை. ஆண்டு முழுவதும் தேர்வுக்கான சில உருப்படிகளையே உருட்டுவது அதன் விலை. தேர்வுக்கு வராத எதையும் சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்குத் தனித் துணிச்சல் தேவைப்பட்டது.

பிரிட்டிஷ் ஆட்சி பரவிய இடங்களுக்கெல்லாம் இந்தத் தேர்வுகளும் போயின. சென்னையில் 1842இல் மிஸ்க்வித் குடும்பப் பெயரில் தொடங்கிய இசைக்கருவிக் கடை, பின்னாளில் மியூசி மியூசிக்கல் ஆகி, பியானோ விற்பனையோடு வகுப்புகளையும் நடத்தியது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை கற்ற இளையராஜா டிரினிட்டி தேர்வும் எழுதியவர், ஏ. ஆர். ரஹ்மானும் அதே ஆசிரியரிடம் படித்தவர்.

பிள்ளைகளுக்கென்றே நல்ல இசை எழுதுவதில் ராபர்ட் ஷூமானின் 1848ஆம் ஆண்டுத் தொகுப்பு வழிகாட்டியது. மகள் மாரியின் ஏழாவது பிறந்தநாளுக்காகத் தொடங்கியது அது. ஹங்கேரியில் பேலா பார்டோக் 1926 முதல் 1939 வரை எழுதிய ‘மிக்ரோகாஸ்மாஸ்’ ஆறு தொகுதிகள், 153 உருப்படிகள். ஒரே வரியில் இரு கையும் நகரும் பாடத்தில் தொடங்கி மேடைக் கச்சேரி வரை அது ஏறுகிறது; நாட்டுப்புற மெட்டும் கோணலான தாளமும் தொடக்கத்திலேயே வந்துவிடும். ஜியோர்ஜி குர்டாக் 1973இல் தொடங்கிய ‘யாடேகோக்’ வரிசையில் குழந்தை உள்ளங்கையாலும் முழங்கையாலும் கட்டைகளை அழுத்தியே ஆரம்பிக்கலாம். கை நிலைக்குச் சட்டம் செய்தவர்கள் பார்த்திருந்தால் திகைத்திருப்பார்கள்.

அமெரிக்காவில் இது வணிகமாகவே வளர்ந்தது. தியோடர் பிரெஸ்ஸர் 1876இல் இசை ஆசிரியர்களின் தேசியச் சங்கத்தை நிறுவினார். 1883இல் ‘எட்யூட்’ மாத இதழைத் தொடங்கினார். 1957 வரை வந்த அந்த இதழ் வாசிக்க உருப்படிகளும் வகுப்பு நடத்த யோசனைகளும் கொடுத்தது. 1909இல் அந்நாட்டில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பியானோக்கள் உற்பத்தியாயின. பிறகு கிராமஃபோன், வானொலி, பொருளாதார மந்தம் என்று வரிசையாக வர, விற்பனை சரிந்தது. வீட்டுக்கு வீடு மாணவர் கிடைத்த காலம் போய், மாணவரைத் தக்கவைத்துக்கொள்வதே கவலையானது. இரு கட்டைவிரலையும் நடு சி மீது வைத்துத் தொடங்கும் ஜான் தாம்சனின் 1936ஆம் ஆண்டுப் புத்தகம் அந்தச் சூழலில்தான் விற்பனையில் கொடிகட்டிப் பறந்தது.

அந்த ஒரே இடத்தில் கை உறைந்துபோவதைப் பார்த்த ஃபிரான்செஸ் கிளார்க், 1955இல் வேறு வழி வைத்தார். சில அடையாளச் சுரங்களை மட்டும் தெரிந்துகொண்டு, மற்றவற்றை அவற்றிலிருந்துள்ள தூரத்தைக் கொண்டு படிப்பது அவர் முறை. பிள்ளை முதல் நாளிலேயே விசைப்பலகை முழுவதும் நடமாடும். 1960இல் லூயிஸ் காஸுடன் அவர் நியூ ஜெர்சியில் தொடங்கிய பள்ளியில் தனிப்பாடமும் குழுப்பாடமும் சேர்ந்தே நடந்தன. ஆசிரியர்களுக்கும் அங்கேயே பயிற்சி. கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் ராபர்ட் பேஸ் பிள்ளைகளை இருவர் இருவராகச் சேர்த்து ஒரு பாடமும், பெரிய குழுவாக இன்னொரு பாடமும் நடத்தி, குழு நேரத்தை ஹார்மனிக்கும் மனோதர்மத்துக்கும் ஒதுக்கினார். ஒரு மணி நேரத்தில் ஆசிரியருக்குக் கூடுதல் வருமானம், பிள்ளைக்குக் கேட்டுப் பழக ஒரு துணை என்று இரண்டும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்தே வந்தன.