குருதியை அளந்த வரலாறு

படைக்குப் புறப்படுவோன் முதற்கண் அறிய வேண்டுவன இரண்டு: பகைவரின் தொகை, தன் பக்கத்தாரின் தொகை. இவ்விரண்டும் தெரியாதவரை அச்சமும் வதந்தியுமே ஆட்சி செலுத்தும். எய்ட்ஸ் என்னும் நோயின் வரலாறு இதற்குப் பெருஞ்சான்றாகும். அந்நோயாளரின் குருதியை அளந்தறிய மனிதன் கற்றுக்கொண்ட கதையை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

1981ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு நிலையம் வெளியிடும் வார அறிக்கையில், லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து இளைஞர் ஐவரைப் பற்றிய குறிப்பொன்று வெளிவந்தது. அரிதான ஒருவகை நுரையீரல் நோய் அவர்களைப் பீடித்திருந்தது. இருவர் அதற்குள் மாண்டுவிட்டனர். மைக்கேல் காட்லீப் முதலிய மருத்துவர்கள் அவ்வாண்டின் இறுதியில் எழுதிய கட்டுரையில், இந்நோயாளரின் குருதியிலே வெள்ளணுக்களுள் ஒருவகை பெரிதும் அருகிப் போயிருப்பதை எடுத்துக்காட்டினர். நோய்க்குக் காரணம் இன்னதென்று அன்று எவருக்கும் தெரியாது. ஆயினும் எதனை எண்ண வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

எண்ணுவது எங்ஙனம்? அதற்கான கருவி நற்பேறாக முன்னரே உருவாகியிருந்தது. 1975இல் கேம்பிரிட்ஜ் நகரில் கோலர், மில்ஸ்டைன் என்னும் இருவர், ஒரே இலக்கை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் பொருளைச் சோதனைச்சாலையில் வேண்டிய மட்டும் விளைவிக்கும் வழியைக் கண்டனர். 1984இல் அவர்களுக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. இத்தகைய பொருளுடன் ஒளிரும் சாயத்தைச் சேர்த்தால், வேண்டிய அணு மட்டும் அடையாளம் பெறும். தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக வர, கிராணியார் ஒவ்வொருவராகக் குறித்துக்கொள்வதில்லையா? அதுபோன்றே சாயமேறிய அணுக்கள் ஒற்றை வரிசையில் ஓர் ஒளிக்கற்றையின் முன்னே ஓட, பொறி அவற்றை எண்ணிவிடும்.

1983இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பிரான்ஸ்வாஸ் பாரே-சினூசி, லூக் மொன்டாக்னியே குழுவினர் நோய்க்கிருமியைக் கண்டனர். பின்னர் அதற்கு எச்.ஐ.வி. என்று பெயராயிற்று. அணுவின் மேலுள்ள சி.டி.4 என்னும் பொருளையே அக்கிருமி நுழைவாயிலாகக் கொள்கிறது என்பதை 1984இல் லண்டனிலும் பாரிஸிலும் ஆராய்ந்தோர் தனித்தனியே நிறுவினர். படையைக் கூட்டி நடத்தும் அணுவையே பகைவன் தேடிப்பிடித்து அழிக்கிறான் என்பது இதனால் தெளிவாயிற்று.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஒருவருக்குக் கிருமி தொற்றியுள்ளதா என்று காணும் சோதனை வேறு. தொற்றியவரின் நிலை எவ்வாறுள்ளது என்று தொடர்ந்து கணிக்கும் சோதனை வேறு. முன்னையது 1985இல் நடைமுறைக்கு வந்தது. அதன் துணையால்தான் 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும், இந்தியாவிலும் இக்கிருமி புகுந்துவிட்டதை முதன்முதலாக வெளிப்படுத்தினர். ஆனால் அச்சோதனை உண்டு அல்லது இல்லை என்று மட்டுமே விடை கூறும். 'இனி என்ன ஆகும்?' என்று நோயாளி கேட்டால் அதனிடம் மறுமொழி இல்லை.

அவ்வினாவுக்குச் சி.டி.4 எண்ணிக்கையே முதலில் விடையளித்தது. நலமுடையவர் குருதியில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இவ்வணுக்கள் இருக்கும். அவை 200க்குக் கீழே இறங்கினால், எளியவெனக் கருதப்படும் கிருமிகளும் உயிர்க்கு உலை வைக்கும். ஆதலின் 1993 முதல் அமெரிக்காவில், கிருமி தொற்றியவருக்கு எண்ணிக்கை 200க்குக் குறைந்தாலே எய்ட்ஸ் எனக் கொள்ளப்பட்டது. எனினும் இவ்வெண்ணிக்கை நேரந்தோறும் சற்று ஏறி இறங்கும். சிறு காய்ச்சல் வந்தாலும் மாறும். மேலும், சேதம் விளைந்த பின்னரே அது தாழும். வீடு எரிந்த அளவை அது கூறும்; தீயின் வேகத்தைக் கூறாது.

தீயை அளக்கும் கருவி 1990களில் வந்தது. குருதியிலுள்ள கிருமியின் மரபுப்பொருளைப் பன்மடங்கு பெருக்கி, ஒரு மில்லிலிட்டரில் எத்தனை பிரதிகள் உள என்று காட்டும் சோதனை அது. அதுவரை, தொற்றியபின் பல ஆண்டுகள் கிருமி உறங்கிக் கிடப்பதாகவே பலர் எண்ணியிருந்தனர். 1995இல் டேவிட் ஹோ, ஜார்ஜ் ஷா ஆகியோரின் குழுவினர் இக்கருத்தைத் தகர்த்தனர். மருந்து கொடுத்தபின் கிருமியின் அளவு எவ்வளவு விரைவாக வீழ்கிறது என்று பார்த்து, அஃது ஒருபோதும் உறங்கவில்லை என்று காட்டினர். நாளொன்றுக்கு ஆயிரங்கோடி கிருமிகள் உண்டாகி அழிகின்றன என்று மறு ஆண்டே கணித்தனர். வெளிக்கு நலமாய்த் தோன்றிய உடலுள் ஓயாப் போர் நடந்துகொண்டிருந்தது!

1996இல் ஜான் மெல்லர்ஸ் குழுவினர், கிருமியின் அளவு மிகுந்தவர்க்கு நோய் விரைந்து முற்றுவதை நிறுவினர். ஜான் காஃபின் என்னும் அறிஞர் கூறிய உவமை இதனை நன்கு விளக்கும். முறிந்த பாலத்தை நோக்கி ஒரு ரயில் ஓடுகிறது, கிருமியின் அளவு அதன் வேகம், சி.டி.4 எண்ணிக்கை பாலத்துக்கு எஞ்சியுள்ள தொலைவு. அதே 1996இல் மூன்று மருந்துகளைச் சேர்த்தளிக்கும் முறையும் நிலைபெற்றது. ரயிலை நிறுத்தும் வழி பிறந்தது. நின்றதா என்று காட்டும் கருவியும் கைவசம் இருந்தது.

ஆனால் அளவுகோல் வாயிற்காவலனாகவும் மாறியதுண்டு. மருந்தின் விலையும், அதன் தீங்கைப் பற்றிய அச்சமும் கருதி, எண்ணிக்கை இவ்வளவு தாழ்ந்தால்தான் மருந்து என வரம்பு கட்டினர். உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் அவ்வரம்பை 200இலிருந்து 350 ஆக்கிற்று. 2013இல் 500 ஆக்கிற்று. வரம்புக்குச் சற்று மேலே நின்ற ஏழை, 'இன்னும் நோய் முற்றவில்லை. பிறகு வா' என்று திருப்பியனுப்பப்பட்டான். நலிவடையும் வரை காத்திருப்பதே அவனுக்கு விதியாயிற்று. 35 நாடுகளைச் சேர்ந்த 4,685 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு, உடனே மருந்து தொடங்குவதே நன்று என்று 2015இல் ஐயமற நிறுவிற்று. அவ்வாண்டே வரம்பு நீங்கிற்று. எவ்வெண்ணிக்கை உடையவர்க்கும் மருந்து உண்டு என்றாயிற்று.

சோதனைச்சாலை இல்லாத ஊரார் என் செய்வது? உகாண்டாவிலும் சிம்பாப்வேயிலும் 3,316 நோயாளரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2009இல் வெளிவந்தது. ஒழுங்காகச் சோதனை செய்யப்பட்டோருள் 100க்கு 90 பேரும், மருத்துவரின் பார்வையை மட்டும் நம்பியிருந்தோருள் 87 பேரும் ஐந்தாண்டு கடந்து உயிரோடிருந்தனர். ஆதலால் சோதனை இல்லையெனக் காரணங்காட்டி மருந்தை மறுத்தல் கூடாது. அதே வேளையில், அந்த மூவரின் உயிரும் உயிரே அன்றோ? கிருமியின் அளவைக் காண்பதே சிறந்த கண்காணிப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் அறிவித்தது. தாளில் உலர்த்திய சில துளிக் குருதியையும் தொலைவிலுள்ள சோதனைச்சாலைக்கு அனுப்பலாம் என்ற ஏற்பாடும் வந்தது.

இவ்வரலாற்றின் மணிமுடி இனித்தான் வருகிறது. ஒருவருக்குத் தொற்றும் மற்றவருக்குத் தொற்றின்மையும் உள்ள இணையரை ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் பல்லாண்டு கவனித்தனர். கிருமியின் அளவு 200 பிரதிகளுக்குக் கீழே அடங்கியிருந்த துணைவரிடமிருந்து உடலுறவின் வழியாக ஒருவருக்கேனும் கிருமி தொற்றவில்லை என்று 2016இலும் 2019இலும் வெளியிட்டனர். மருந்தை ஒழுங்காக உண்டு, சோதனையில் கிருமி புலப்படாத நிலையை எய்தி, அதில் நிலைத்திருப்பவர் உடலுறவால் அதைப் பிறர்க்குக் கொடுப்பதில்லை. எனினும் நோய் முற்றும் ஒழிந்தது என்று இதற்குப் பொருளில்லை. கிருமி உடலுள் ஒளிந்தே இருக்கும். மருந்தை நிறுத்தினால் மீண்டும் தலைதூக்கும். மருந்தும் சோதனையும் தொடர வேண்டுவது இதனாலேயே. நோய் முற்றிய நிலையில் வருவோரை அடையாளங் காணச் சி.டி.4 எண்ணிக்கையும் இன்றளவும் துணை நிற்கிறது.

அன்பர்களே! இந்நோயாளியின் தட்டைத் தனியே வைத்தோரும், தொட்டாலே தீட்டென ஒதுங்கியோரும் நம்மிடையே உண்டு. தொடுவதாலும் உடனுண்பதாலும் இக்கிருமி பரவாது என்பது என்றோ தெளிந்த உண்மை. இன்று மருந்துண்டு கிருமியை அடக்கியவரின் குருதிக் கணக்கு அதற்கும் மேலே ஒரு சான்று கூறுகிறது. சோதனைச்சாலை கண்ணாரக் கண்டு சொல்லும் கணக்கை ஏற்பதா, காதால் கேட்ட கதையை ஏற்பதா? ஒதுக்கப்படுவோம் என்னும் அச்சத்தால் சோதனைக்கே வராது மறைந்து மாள்பவரின் பழி, ஒதுக்குவோரையே சாரும். குருதியை அளக்கக் கற்றுவிட்டோம்; அவ்வளவு கூறும் உண்மைக்கு ஏற்ப நடக்கவும் கற்போமாக.