தொண்டைநாட்டில் மனை வகுத்த முறை

உழவன் ஒருவன் தன் இருப்பிடத்தை அமைக்கப் புகுங்கால், வீடு, கிணறு, களம், தொழுவம், கொல்லை ஆகியவற்றை எங்கெங்கே வகுப்பது என்பது அவன் விருப்பத்தைப் பொறுத்தது என்றே நாம் கருதுகிறோம். பழைய செப்பேடுகளை ஊன்றி நோக்குவார்க்கு அக்கருத்து நிலைபெறாது. மனையின் உறுப்புக்கள் பல ஒருகாலத்தில் தனித்தனியே அளிக்கப்பெற்ற உரிமைகளாய் இருந்தன. அவ்வுரிமை எவர்க்குக் கிட்டிற்று, எவர்க்குக் கிட்டாதொழிந்தது என்பதே ஈண்டு ஆராயப்படும்.

இரண்டாம் நந்திவருமனின் 22ஆம் ஆட்சியாண்டில் எழுந்த காசாக்குடிச் செப்பேடு காரைக்காலை அடுத்துக் கிடைத்ததாயினும், அது கூறும் கொடுகொல்லி என்னும் ஊர் தொண்டைநாட்டு ஊற்றுக்காட்டுக் கோட்டத்தது. கல்லும் கள்ளியும் நட்டு எல்லை வகுத்ததாக அது உரைக்கின்றது. கல் அடையாளம் மட்டுமே, கள்ளியோ உயிர்வேலி. ஆடுமாடு புகாத வேலியே எல்லைச் சான்றாகவும் நின்றது என்க.

எல்லைக்குள் செய்யத்தக்கவை யாவை? சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம், தென்னை வைக்கலாம், செக்கு நாட்டலாம் எனச் சோழர் செப்பேடுகள் நிரல்படக் கூறும். ‘செய்யலாம்’ என்று அரசன் ஏட்டில் எழுதுவிக்க வேண்டியிருந்தமையே கருதத்தக்கது. உரிமை பெறாதார் மண்சுவரும் ஓலைக்கூரையுமாகவே வாழ்ந்தனர் எனக் கொள்ளுதல் பிழையாகாது. செங்கல் வீட்டைப் பொருள் வளத்தின் அடையாளமாக மட்டும் காண்பார் இதனை நோக்குவாராக.

மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு வேறொரு முறையைக் காட்டுகின்றது. அந்நகரத்தார் கூடித் தம் நிலங்களை நான்கு கூறாக்கிக்கொண்டனர். ஒருவர் கூற்றில் நிற்கும் மரங்களின் பயன் அக்கூற்றுக்கு உரியவரையே சாரும் என்றும் முடிவு செய்தனர். நிலத்தைப் பங்கிடுதல் எளிது, மரத்தைப் பங்கிடுதல் அரிது என்பதனைப் பாகப்பிரிவினை கண்ட எவரும் அறிவர்.

இப்பகுதியின் அளவையும் மனையை ஒட்டியதே. 2,400 சதுர அடி ஒரு மனை. 24 மனை ஒரு காணி. சென்னையில் இன்றும் வீட்டு நிலம் மனைக் கணக்கிலேயே விலை பேசப்படுகிறது.

இனி, ஏர் பிடித்தவரின் மனை யாது? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்கள் ஊர்களின் இறையிலி நிலங்களை எண்ணுங்கால், ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணசேரி முதலியவற்றையும் வேறு வேறாகக் குறிக்கின்றன. நத்தம் ஓரிடம், சேரி பிறிதோரிடம். இப்பாகுபாடு சோழரோடு மறைந்ததன்று.

1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கம்பெனியார் பெற்ற சாகீரே பின்னர்ச் செங்கற்பட்டு மாவட்டமாயிற்று. அதன் ஆட்சியர் திரமென்கீர் 1891இல் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கை, மேற்கண்ட செப்பேடுகளுக்கு எதிர்ப்பக்கம் போன்றது. சேரியில் குடிசை நின்ற தரையும் மிராசுதாரர் உரிமை எனக் கொள்ளப்பட்டது. கூலி குறைவென முறையிடுவான் குடியிருப்பையே இழப்பான். தன் தரை அல்லாத இடத்தில் எவன் கிணறு எடுப்பான், எவன் தென்னை வைப்பான்? வறுமைக்குச் சோம்பல் காரணம் என்று எழுதிவந்தோர்க்கு இவ்வறிக்கையினும் சிறந்த மறுப்பு இல்லை.

அதன் பயனாக 1892இல் 1010ஆம் எண் அரசாணை பிறந்தது. பிற்காலத்தில் பஞ்சமி நிலம் எனப் பெயர்பெற்றவை இவ்வழி வழங்கப்பட்டவையே. முதற் பத்தாண்டு அந்நிலத்தைக் கைமாற்றுதல் கூடாது. அதன்பின்னும் அவ்வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்றல் ஆகாது என்பது விதி. விதி இருப்பவும் நிலங்கள் பல கைமாறின. அவற்றை மீட்கவேண்டி 1994 அக்டோபரில் செங்கற்பட்டை அடுத்த காரணையில் எழுந்த போராட்டத்தில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு சான் தாமசு, ஏழுமலை என்னும் இருவர் உயிர் இழந்தனர்.